ஆரபியின் ஐஸ் அரங்கேற்றம்

ஜனவரி 8, வியாழன்

இந்தக் குறிப்பேட்டில் நான் எழுதப்போவதை ஒருவரும் நம்பப்போவதில்லை. ஸ்காபரோவில் உள்ள எல்லாக் கோயில்களுக்கும் பொதுவாகக் கையடித்து, இதை முதலிலேயே சத்தியம் செய்து சொல்லிவிடுகிறேன். நம்பாதவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. எழுதி முடித்த பக்கத்தைத் திருப்பிப் படிக்கும்போது, "இவன் என்ன இப்படிப் புழுகுகிறான்" என்று பேரின்பநாதனாகிய நானே சில இடங்களில் நினைத்ததுண்டு.

நான் கார் ஓட்டப் பழக்குபவன். என்னிடம் பழகியவர்களை வரிசையாக நிறுத்தினால் ரொறன்ரோவிலிருந்து வன்கூவர் வரை போகும். அதில் பாதிப்பேர் வரிசையில் நிற்கும்போதே முன்னால் நிற்பவரை இடிப்பார்கள். குடியிருப்பது அக்கா தவமலர் வீட்டுப் பேஸ்மென்றில். மேலே அக்கா, அவளுடைய கணவர் குலவீரசிங்கம் அத்தான், அவர்களின் ஒரே மகள் ஆரபி.

ஆரபி ஐஸ் ஹொக்கியில் கோலி. எதிரணி அடிக்கிற பக் என்ற கறுப்பு ரப்பர் வட்டு வலைக்குள் போகாமல் உடம்பைக் கொடுத்து மறிப்பது அவள் தொழில். தொட்டிலில் கிடந்த காலத்திலேயே நான் எறிந்த கிலுக்கட்டியை இடது கையால் பிடித்தவள். பிடித்தது மட்டுமல்ல, பக்கத்துத் தொட்டில் பிள்ளைக்குப் பாஸும் கொடுத்தவள். ஆஸ்பத்திரித் தாதி இதற்குச் சாட்சி. அவர் இப்போது உயிரோடு இல்லை.

இன்று பின்னேரம் அவளுக்குப் போன் வந்தது. பெண்களுக்கான புதிய தொழில்முறை லீக்கில் 'ஏரிக்கரை ஹெரன்ஸ்' என்று ஓர் அணி. ஹெரன் என்றால் நாரை. அந்த நாரைகளின் இரண்டாவது கோலிக்கு இடுப்பில் நோவு. அவளுக்குப் பதிலாக ஆரபியைத் தற்காலிகமாக எடுக்கிறார்கள். 24ஆம் திகதி மொன்றியல் அணியுடன் சொந்த அரங்கில் ஆட்டம். அது முடிந்த திங்கட்கிழமை, அவளை வைத்திருப்பதா அனுப்புவதா என்று சொல்வார்கள்.

இரவுச் சாப்பாட்டில் அத்தான் புட்டைக் குழைத்துக்கொண்டே சொன்னார். "மயில்வாகனத்தின்ர கிளினிக்குக்கும் அந்தத் திங்கட்கிழமைதான் மறுமொழி சொல்லவேணும்."

மயில்வாகனம் அத்தானின் பழைய சிநேகிதர். முதுகு, முழங்கால் நோவுகளுக்கு வைத்தியம் செய்யும் இடம் வைத்திருக்கிறார். ஆரபி படித்ததும் அந்தப் படிப்புத்தான். நிரந்தர வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஆரபி தண்ணீர் குடித்து முடித்துவிட்டுச் சொன்னாள். "திங்கள் இவை என்னை வேண்டாம் எண்டா, அங்க போறன் அப்பா. அதோட ஹொக்கி முடிஞ்சுது. திரும்ப இதைப் பற்றி நான் கதைக்கமாட்டன்."

எல்லாரும் குனிந்து சாப்பிட்டோம். புட்டு நன்றாக இருந்தது.

ஜனவரி 10, சனி

பெண்கள் ஹொக்கியின் எழுச்சியைப் பற்றி வருங்காலத்தில் தடித்த புத்தகங்கள் வரும். அவற்றில் விடுபடப்போகும் செய்திகளை இங்கே பதிகிறேன்.

ஆரபி முதலில் விளையாடிய லீக்கில் சம்பளம் என்ற சொல்லை உச்சரித்தால் சிரிப்பார்கள். குளித்துத் துடைக்கிற துவாயை அவரவர் கொண்டுபோக வேண்டும். சட்டையை அவரவர் தோய்க்க வேண்டும். வயிறு வைத்த ஆண்கள் பீருக்கு முன் கொஞ்சம் ஓடிப்பார்க்கிற லீக் ஒன்று உண்டு. அவர்கள் ஓடி முடித்த பிறகுதான் இவர்களுக்கு ஐஸ். பார்வையாளர்கள் நாலைந்து தாய்மார், ஒரு நாய், நான். நாய் இடைவேளையோடு போய்விடும். நான் வாசல் மண்டபத்தில் நிற்பேன், கோப்பி மெஷின் அங்கேதான் இருக்கும். ஒன்ராறியோ மாகாணத்து ஐஸ் அரங்குகளின் கோப்பியைப் பற்றி என்னிடம் எதையும் கேட்கலாம்.

பிறகு ஒருநாள் அந்த லீக்கை ஒரு மின்னஞ்சலில் மூடிவிட்டார்கள். பெட்டையள் எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்து, சம்பளமும் மரியாதையும் உள்ள ஒரு லீக் வரும்வரை எங்கேயும் விளையாட மாட்டோம் என்று நின்றார்கள். அப்படி நின்ற குளிர்காலங்களில் ஆரபி எங்கள் கராஜ் கதவுக்கு முன்னால் காப்புச் சட்டையோடு நிற்பாள். நான் எதிர்ப்பக்கம் நின்று உருளைக்கிழங்கு எறிவேன். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் எல்லாக் கறியும் மசியல்தான்.

இப்போது புதிய லீக். சம்பளம் உண்டு. துவாயை அவர்களே தருகிறார்கள், மடித்துத் தருகிறார்கள். ஆரபி முதல்நாள் பயிற்சி முடிந்து வந்து அக்காவிடம் சொன்ன முதல் செய்தி அந்தத் துவாயைப் பற்றித்தான்.

அவளுடைய காப்புக் கவசங்கள் கிடக்கும் பையை இன்று நான்தான் காரில் ஏற்றினேன். அந்தப் பையின் மணத்துக்குப் பயந்து எங்கள் தெருவுக்கு, நாற்றம் பீய்ச்சுகிற ஸ்கங்க் என்ற பிராணிகூட வருவதில்லை.

ஜனவரி 11, ஞாயிறு

அத்தான் நகரபஸ் ஓட்டுபவர். அவர் பஸ் வருவதைப் பார்த்துத்தான் மக்கள் மணிக்கூட்டைத் திருத்துகிறார்கள். ஒருமுறை அவர் அரை நிமிடம் பிந்தியதால் பாராளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. சிரிப்பது அவருக்குப் பழக்கமில்லை. வேலை என்பது ஒன்று, விளையாட்டு என்பது இன்னொன்று, இரண்டையும் ஒரே பாத்திரத்தில் வைக்கக்கூடாது என்பது அவர் கொள்கை. மகளின் ஆட்டம் எதற்கும் அவர் போனதில்லை.

இன்று மத்தியானம் திடீரென்று கேட்டார். "அந்த ஹொக்கி இடத்தில பல்லுக்குக் காப்புறுதி இருக்கோ?"

"இருக்கு அப்பா."

"கண்ணுக்கு?"

"அதுவும் இருக்கு."

அத்தான் தலையை ஆட்டிவிட்டுத் தட்டில் கிடந்த இறாலைப் பார்த்துக்கொண்டிருந்தார். உலகத்தில் எல்லாருக்கும் முதலில் பல்லுக் காப்புறுதி தேவைப்படும் தொழில் இதுதான் என்று நான் சொன்னேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் தேங்காய்ப்பால் சொதி திரைந்தது.

ஜனவரி 13, செவ்வாய்

காலையில் மாணவி ஒருத்தி வலப்பக்கம் திரும்பச் சொன்னதற்கு ஒரு பெற்றோல் நிலையத்துக்குள் போனாள். பரவாயில்லை, எண்ணெய் அடிக்க வேண்டியும் இருந்தது.

பின்னேரம் அக்கா வெங்காயம் வெட்டிக்கொண்டே மனந்திறந்தாள். "தம்பி, இந்தக் கனடாவில எத்தினை அரங்கேற்றத்துக்குப் போயிருப்பன். ஒவ்வொண்டிலயும் மூண்டு மணித்தியாலம் இருந்து, பரிசு குடுத்து, படமெடுத்து, 'பிள்ளை நல்லாய் ஆடினவ' எண்டு சொல்லிப்போட்டு வாறன். ஒருத்தரையும் என்ர வீட்டு அரங்கேற்றத்துக்குக் கூப்பிட எனக்குக் குடுத்துவைக்கேல்லை."

ஆரபி பரதநாட்டியத்தைப் பத்து வயதில் விட்டவள். சலங்கையைக் கழற்றிவிட்டு ஸ்கேற்றைக் கட்டினாள். அந்தச் சலங்கை இப்போதும் அக்காவின் அலுமாரியில் கிடக்கிறது.

எனக்குள் ஒரு பெரிய வெளிச்சம் தோன்றியது. அண்டை வீட்டாரும் அதைக் கண்டிருப்பார்கள்.

"அக்கா, சனிக்கிழமை அவள் முதல் முதலாய்ப் பெரிய அணியில இறங்குறாள். ஆயிரக்கணக்கில சனம், வெளிச்சம், இசை. இது அரங்கேற்றம் இல்லாம வேற என்ன?"

வெங்காயக் கத்தி நின்றது.

"அழைப்புக் கார்ட் அடிப்பமோ?" என்று அக்கா கேட்டாள்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பால் பொங்கியது. புகை அலாரமும் பொங்கியது. தீயணைப்பு வண்டிகள் வந்து தெருவை நிறைத்தன. அவர்களுக்கும் ஒவ்வொரு கிண்ணம் கொடுத்தோம். அரங்கேற்றத்துக்கு முறையாக வாயாலும் அழைத்தேன்.

ஜனவரி 16, வெள்ளி

பனி. அள்ளினேன்.

ஜனவரி 17, சனி

மீண்டும் பனி. மீண்டும் நான்.

ஜனவரி 18, ஞாயிறு

அழைப்பிதழ் வந்துவிட்டது. தங்க எழுத்து, ரோஜா நிற அட்டை, ஒரு மூலையில் பிள்ளையார், மறு மூலையில் நாரை. நடுவில் காப்புச் சட்டை போட்ட ஆரபி. 'செல்வி ஆரபி குலவீரசிங்கம் அவர்களின் ஐஸ் ஹொக்கி அரங்கேற்றம்'. கனடாவில் ஜனவரி தமிழ் மரபு மாதம் என்று சொன்னதும், அணிக்காரர் அரங்கில் ஒரு பகுதியையே எங்கள் ஆட்களுக்கு ஒதுக்கித் தந்துவிட்டார்கள்.

நேரம் போடுவதில்தான் என் மூளை வேலை செய்தது. ஆட்டம் ஏழு மணிக்கு. ஏழு என்று அடித்தால் எங்கள் சனம் ஒன்பதுக்கு வரும். ஆகவே ஐந்து என்று அடித்தேன். இனி அவர்கள் சரியாக ஏழுக்கு வந்து நிற்பார்கள். அணு விஞ்ஞானிகள் இதைவிடக் குறைந்த கணக்குக்கெல்லாம் பரிசு வாங்கியிருக்கிறார்கள்.

அத்தானிடம் ஒரு கார்ட்டை நீட்டினேன். முன்னும் பின்னும் பார்த்தார்.

"எனக்கேன் கார்ட்? நான் தேப்பன்."

"வருவியளோ அத்தான்?"

"அண்டைக்கு எனக்கு வேலை" என்று சொல்லிவிட்டுக் கார்ட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஜனவரி 20, செவ்வாய்

பயிற்சியிலிருந்து ஆரபியை ஏற்றிக்கொண்டு வந்தேன். காரில் ஏறியதும் போனில் ஒரு படத்தை நீட்டினாள்.

"மாமா, இது என்ன?"

"மீன்கடை."

"மீன்கடைக் கண்ணாடியில என்ர முகம். கீழ 'இன்று உடன் விளைமீன்' எண்டு கிடக்கு."

"நல்ல இடம் பிள்ளை. எல்லாரும் பாப்பினம்."

அவள் சீற்றில் சாய்ந்து கண்ணை மூடினாள். "எத்தினை பேருக்குச் சொல்லியிருக்கிறியள்?"

"கொஞ்சப்பேர்."

"கொஞ்சம் எண்டா?"

"ஒரு நானூறு."

சிவப்பு விளக்கில் கார் நின்றதும் அவள் கண்ணைத் திறந்தாள். பிறகு சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"மாமா, நான் பாக்கப் கோலி. முதல் கோலி ஹெல்மி. அவ ஃபின்லாந்துக்காரி, ஒரு ஆட்டம் விடமாட்டா. பாக்கப் விளையாடுறேல்லை. தொப்பி போட்டுக்கொண்டு பெஞ்சில இருக்கிறது. மற்ற ஆக்கள் உள்ள வரேக்க, வெளிய போகேக்க கதவைத் திறந்துவிடுறது."

"எவ்வளவு நேரம்?"

"முழு நேரமும்."

"கதவு பெரிசோ?"

"மாமா."

இத்தனை வருடம் அவளை ஐஸ் அரங்குகளுக்கு ஏற்றி இறக்கியவன் நான். இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா என்று வாசகர் கேட்பார். கோப்பி மெஷின் இருக்கும் இடத்திலிருந்து பெஞ்ச் தெரியாது.

"நான் ஒரு நிமிசமும் விளையாடாட்டி திங்கக்கிழமை என்னத்தை வைச்சு முடிவெடுப்பினம் எண்டே எனக்குத் தெரியேல்லை" என்றாள். "அதுக்குள்ள, நான் கதவு திறக்கிறதைப் பாக்க நானூறு பேர்."

"அப்ப வரவேண்டாம் எண்டு சொல்லட்டோ?"

"சொன்னா நிப்பினமோ?"

யோசித்தேன். "இல்லை. ஏன் வேண்டாம் எண்டினம் எண்டு பாக்க இன்னும் கூட வருவினம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அதை யன்னல் பக்கம் திரும்பித்தான் சிரித்தாள்.

ஜனவரி 22, வியாழன்

அத்தான் வேலைக்குப் போகிற நேரம், பாதி சப்பாத்துப் போட்டபடி கேட்டார். "அங்க சங்கம் இருக்கோ?"

"என்ன சங்கம் அப்பா?"

"தொழிற்சங்கம்."

"இருக்கு. முதல்ல சங்கம். சங்கத்தோட பேசி ஒப்பந்தம் எழுதின பிறகுதான் லீக்கே தொடங்கினது."

அத்தான் மற்றச் சப்பாத்தையும் போட்டார். "நாங்கள் ஒருக்கா நாலு கிழமை வேலைநிறுத்தம் செய்தனாங்கள். பனிக்குள்ள நிண்டனாங்கள்."

"நாங்கள் இரண்டு வருசம் நிண்டனாங்கள் அப்பா" என்றாள் ஆரபி.

அத்தான் அவளைப் பார்த்தார். ஒரு புதுப் பயணி முன்கதவால் ஏறும்போது பார்ப்பதுபோல ஒரு பார்வை. பிறகு போய்விட்டார். இன்று அவர் பஸ் ஒரு நிமிடம் பிந்தியிருக்கலாம் என்று சந்தேகிக்கிறேன். நகரம் இதிலிருந்து மீண்டுவிடும்.

ஜனவரி 23, வெள்ளி

அக்கா றோல்ஸ் சுற்றினாள். மட்டன் றோல்ஸை முனைக்கு முனை அடுக்கினால் நயாகராவைத் தாண்டும். குத்துவிளக்கையும் துலக்கினாள். விளக்கு ஏற்றாமல் அரங்கேற்றம் இல்லையாம். நான் சுமக்க வேண்டியது.

ஆரபி கீழே பேஸ்மென்றுக்கு வந்து, என் கட்டிலின் விளிம்பில் இருந்தாள்.

"மாமா, நாளைக்கு உள்ள வருவியளோ?"

"நான் எப்பவும் வாறனான்தானே."

"உள்ள" என்றாள்.

"விளக்கு ஆர் பிடிக்கிறது?" என்று கேட்டேன்.

ஜனவரி 24, சனி

குளிர் எப்படி என்றால், வீட்டில் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்துவிட்டு அதற்கு முன்னால் நின்று கையைச் சூடாக்கினோம்.

அரங்க வாசலில் பாதுகாப்புக்கு நின்ற பெண்மணி குத்துவிளக்கை மேலும் கீழும் பார்த்தார். கூர்மையாக இருக்கிறது, கனமாக இருக்கிறது, நெருப்பும் வைப்பீர்களாம், மூன்றும் ஆகாது என்றார். என்னிடம் விட்டுவிட்டு உள்ளே போங்கள், போகும்போது எடுக்கலாம் என்று அன்பாகப் பலமுறை சொன்னார். குடும்ப விளக்கை அந்நியர் கையில் விட்டுப்போகிற சாதியா நாங்கள். மறுத்துவிட்டேன். விளக்கோடு மண்டபத்தில் நின்றேன். கோப்பி சுமார். சோளப்பொரி விற்பவருக்கு மூன்று பிள்ளைகள், மூத்தவன் பல் வைத்தியத்துக்குப் படிக்கிறான்.

ஏழு மணி. ஆட்டம் தொடங்கியது. எங்கள் ஆட்களில் ஒருவர்கூட இல்லை. மண்டபத்துத் தொலைக்காட்சியில் அரங்கு தெரிந்தது. மற்றப் பகுதிகளில் இருக்க இடமில்லை. நாரைச் சட்டை போட்ட சின்னப் பெட்டையள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்கிறார்கள். எங்களுக்கு ஒதுக்கிய பகுதியில் நானூறு வெறுங்கதிரை. நடுவில் அக்கா தனியே, கூறைச்சேலைக்கு மேல் குளிர்ச்சட்டை, மடியில் றோல்ஸ் தட்டு.

என் கணக்கில் எங்கே பிழை என்று அப்போதுதான் விளங்கியது. கார்ட்டில் ஐந்து என்று போட்டால் உண்மையில் ஏழு என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் இப்படித்தானே அடிக்கிறோம். ஏழு என்று தெரிந்துகொண்டு, வழக்கம்போல அதற்கும் பிந்தித்தான் வருவார்கள்.

ஆட்டத்தின் மூன்றாவது, கடைசிப் பகுதி தொடங்கிச் சிறிது நேரம். நாரைகள் மூன்று, மொன்றியல் இரண்டு. திரையில் ஹெல்மி வலைக் கம்பத்தோடு மோதி விழுந்தாள். எழும்பினாள், ஒரு காலில். பெஞ்சில் ஒரு தொப்பி கழன்றது. முகமூடி ஏறியது.

அந்த நேரம் பார்த்து வாசல் கதவு திறந்தது. ஒரே கலியாண வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் வந்தவர்கள்போல எங்கள் சனம் முழுவதும் வந்து நின்றது. பட்டு, கோட், மல்லிகை, கையில் பரிசுப் பொட்டலம்.

"தொடங்கிட்டுதோ?" என்று முன்னால் வந்தவர் கேட்டார்.

"இப்பதான் பிள்ளை மேடைக்கு வருது" என்றேன். வாழ்க்கையில் முதல்முறை கூட்டாமல் குறைக்காமல் சொன்ன பதில்.

நாற்பதாயிரம் பேர் என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள். விளக்கு பாதுகாப்புப் பெண்மணியிடம் எப்படிப் போனது என்று தெரியவில்லை. நான் உள்ளே நின்றேன்.

பெரிய திரையில் ஆரபியின் பெயர் வர, வெறுமையாகக் கிடந்த பகுதி முழுவதும் நிறைந்தது. அரங்கம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. இந்தக் கோலிக்காகவே காத்திருந்து வந்திருக்கிறார்கள் என்று வெள்ளைக்காரர்கள் எழும்பிநின்று இடம் விட்டார்கள்.

மொன்றியலின் முதல் அடி. பக் அவள் காலுக்குக் கீழால் வழுக்கி வலைக்குள் போனது. மூன்றுக்கு மூன்று.

எங்கள் சனம் எழும்பிநின்று கைதட்டியது. வலைக்குள் போனால் தட்ட வேண்டும் என்பது உலக வழக்கம்தானே. இது எந்தப் பக்கத்து வலை என்று கார்ட்டில் நான் அடிக்கவில்லை. யாரோ விசிலும் அடித்தார்கள். பக்கத்துப் பகுதிக்காரர்கள் எங்களை எப்படிப் பார்த்தார்கள் என்பதை எழுத மாட்டேன். அக்கா எல்லாருக்கும் கையால் சைகை காட்டி இருத்தினாள்.

ஆரபி குனிந்து போத்தல் தண்ணீரை முகத்தில் அடித்தாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வரலாறு. மொன்றியல் பத்தாயிரம் தடவை அடித்தது. ஒன்றை நெஞ்சால், ஒன்றை முழங்காலால், ஒன்றை இடது காதால் மறித்தாள். நாரைகள் நாலாவது கோலைப் போட்டபோது எங்கள் பகுதியில் ஒரு சத்தமில்லை. திரும்பவும் பேச்சு வாங்குவோமோ என்று எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு சாவீட்டில் இருப்பதுபோல இருந்தார்கள்.

கடைசி நிமிடம். மொன்றியல்காரி ஒருத்தி எல்லாரையும் கடந்து, ஆரபியை நோக்கித் தனியே வந்தாள். வந்த வேகத்தில் பின்னால் ஐஸ் உருகி ஆறாக ஓடியது. அவள் அடித்த பக் புகைவிட்டுக்கொண்டு வந்தது. ஆரபி இரண்டு காலையும் இரண்டு மாகாணத்துக்கு விரித்தாள். கையுறை எழுந்தது. பக் அதற்குள் அடங்கியது, இன்னும் சூடாக. நான் கண் இமைக்காமல் பார்த்தேன்.

நாலுக்கு மூன்று. முடிந்தது. சனம் ஐஸில் இறங்கி அவளோடு படமெடுக்கப் போனதைத் தடுக்க எட்டுக் காவலர் தேவைப்பட்டார்கள்.

நான் வலைக்குப் பின்னால் இருந்த கதிரைகளைப் பார்த்தேன். அங்கே, பஸ் சாரதிச் சீருடையோடு, மடியில் சாப்பாட்டுப் பையோடு, அத்தான் இருந்தார். கிட்டப் போய்க் கேட்டேன்.

"எப்ப வந்தனீங்கள்?"

"ஏழு மணிக்கெண்டு லீக்கின்ர வலைத்தளத்தில போட்டிருந்தது" என்றார். "ஏழுக்கு முதல் வந்தனான்."

"உங்களுக்கு வேலையெல்லோ?"

"ஷிஃப்ற் மாத்தினனான்."

ஜனவரி 25, ஞாயிறு

பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆட்டத்தை விவரித்துக்கொண்டிருந்தேன். இடது காதை அடைந்தபோது அத்தான் குப்பைப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தார்.

"பேரின்பம், கடைசி அடிக்கு நீ கண்ணை மூடிக்கொண்டு நிண்டனீ."

"அது தியானம்."

"நான் சொல்லுறன்" என்று, பெட்டியைத் தெருவோரத்தில் நேராக வைத்துவிட்டுச் சொன்னார். "முதல் அடி உள்ள போச்சு. சனம் கைதட்டிச்சு. பிள்ளை சிரிச்சுது. அதுக்குப் பிறகு ஒண்டும் உள்ள போகேல்லை."

"முகமூடிக்குள்ள சிரிச்சது உங்களுக்கெப்பிடித் தெரியும்?"

"தோளைப் பாத்தனான்."

ஆட்டம் முழுவதும் இவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரர் என்னைவிட அவரைத்தான் நம்பினார்.

ஆரபிக்குச் சந்தோசம் பாதிதான். ஆட்டம் முடிந்ததும் டிக்கெட் பகுதிப் பெரியவர் ஓடிவந்து கைகுலுக்கி, உனக்கு இன்னும் எத்தனை சொந்தக்காரர் இருக்கிறார்கள் என்று கேட்டாராம். பயிற்சியாளர் வில்லெட் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நாளை பகலுக்குள் சொல்கிறோம் என்பதோடு சரி.

"சனத்துக்காக என்னை வைச்சிருந்தா எனக்கு அது வேண்டாம் மாமா. சனம் வராத நாள் என்ன செய்வினம்?"

"அது வராத சனமில்லை. பிந்தி வாற சனம்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. மூன்று றோல்ஸ் சாப்பிட்டாள்.

ஜனவரி 26, திங்கள்

காலை. சமையலறையில் நாலு பேரும். அத்தான் சீருடையில், புறப்படத் தயாராக. ஆரபியின் போன் மேசையில் கிடந்தது. அதை எல்லாரும் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தோம். நாரைகளிடமிருந்து செய்தி இல்லை.

வீட்டுப் போன் அடித்தது. மயில்வாகனம். மறுமொழி கேட்கத்தான். ஆரபி எழும்பினாள். அவளுக்கு முதல் அத்தான் போனை எடுத்துவிட்டார்.

"ஓம் மயில்வாகனம். சுகம். ஓம், திங்கள்தான், தெரியும்." கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்தார். "இல்லை. வேற ஆரையும் பார். பிள்ளைக்கு வேலை இருக்கு."

மறுபக்கம் என்ன வேலை என்று கேட்டிருக்க வேண்டும்.

"கோலி" என்றார் அத்தான். போனை வைத்தார்.

அக்கா தேத்தண்ணியை அடுப்பில் மறந்துபோய் நின்றாள். "இஞ்சருங்கோ, அவை இன்னும் ஒண்டும் சொல்லேல்லையே."

"அது வேற." பையை எடுத்துக்கொண்டார். "வேலை எண்டா ஒரு இடம் இல்லாட்டி இன்னொரு இடம். அதுக்கு இப்ப லீக் இருக்கு, சங்கம் இருக்கு. நான் பிந்தப் போறன்."

போய்விட்டார். ஆரபி தேத்தண்ணி அடுப்பை அணைத்தாள்.

மத்தியானத்துக்கு முன் வில்லெட் அம்மா அழைத்தார். பருவம் முடியும்வரை ஒப்பந்தம். கதிரையில் யார் இருந்தார்கள் என்று தனக்குத் தெரியாது, தான் பார்த்தது ஆரபியின் கால்களைத்தான் என்றாராம். முதல் அடி உள்ளே போனதும் நொறுங்கிப்போகிற கோலிகளைத் தான் நிறையப் பார்த்திருப்பதாகவும், சிரிக்கிறவளை இப்போதுதான் பார்ப்பதாகவும் சொன்னாராம்.

இனி, இந்தப் பக்கங்களைப் படித்துவிட்டு இதில் எதை நம்புவது என்று கேட்பவர்களுக்கு ஒரு வாக்குமூலம். நாற்பதாயிரம் பேர் வரவில்லை, முந்நூறுக்கும் குறைவு. பக் புகைவிடவில்லை. காதால் ஒன்றும் மறிக்கப்படவில்லை. கிலுக்கட்டியை நானே தொட்டிலுக்குள் வைத்திருக்கலாம். ஒப்பந்தத்தைக்கூட நம்ப விரும்பாதவர்கள் நம்பாமல் இருக்கலாம், அடுத்த ஆட்டத்தில் அவள் நிற்பாள், வந்து பாருங்கள். ஆனால் இன்று காலை, வில்லெட் அம்மாவின் அழைப்பு வருவதற்கு முன்பு, என் அத்தான் போனில் சொன்னவை இருக்கின்றனவே. அவற்றுக்கு நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை.